இறக்குவானை: நிலமும் குடித்தொகையும்

மாணவர்களே, நிலத்தோற்றத்துக்கும் குடித்தொகைப் பரம்பலுக்கும் உள்ள தொடர்பை விளக்குமாறு வினா வந்தால், உங்களில் பலர் உடனே நைல் பள்ளத்தாக்கை எழுதத் தொடங்குகிறீர்கள். அது தவறல்ல. ஆயினும் நாம் அன்றாடம் பார்க்கும் இறக்குவானையே அதற்குச் சிறந்த உதாரணமாகும்.

இறக்குவானை, சபரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டத்தில் உள்ளது. காலியிலிருந்து தெனியாய ஊடாக மாதம்பை செல்லும் ஏ-17 வீதி இந்நகரைக் கடக்கிறது. இங்குள்ள மலைத்தொகுதியை மத்திய மலைநாட்டின் பகுதியென்று எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். இது பள்ளத்தாக்கினால் பிரிக்கப்பட்டுத் தனியே நிற்கும் மலைத்தொகுதி. இதன் முக்கிய சிகரங்களுள் ஒன்றான கொங்கலை 1,358 மீற்றர் உயரமானது. தெற்கே காலிக் கரையில் கடலை அடையும் ஜின் கங்கையும், மாத்தறையில் கடலை அடையும் நில்வளா கங்கையும் இம்மலைகளின் தென்பக்கத்திலேயே ஊற்றெடுக்கின்றன. மேற்கே 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜ வனம் உள்ளது.

தென்மேல் பருவக்காற்று இம்மலைகளில் மோதுவதால் மழை மிகுதி. அதே வேளை, கிழக்கே எம்பிலிப்பிட்டியை நோக்கி பஸ்ஸில் போய்ப் பாருங்கள். தேயிலை மறைந்து, உடவளவை நீரால் விளையும் வயல்கள் தோன்றும். ஈரவலயம் முடிந்து உலர்வலயம் தொடங்குவதைக் கண்ணாலேயே காணலாம்.

இனி குடித்தொகை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இரத்தினபுரி மாவட்டத்தில் ஏறத்தாழ 10 இலட்சத்து 88 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். பரப்பு 3,275 சதுர கிலோமீற்றர். வகுத்தால் அடர்த்தி சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 332 பேர். இது வெறும் சராசரிதான். சிங்கராஜ வனத்துள் குடியிருப்பு இல்லை. பள்ளத்தாக்கில் வயலோரமாகக் கிராமங்கள் பரந்துள்ளன. சரிவுகளிலோ லயன்களில் குடும்பங்கள் சுவரோடு சுவராக நெருங்கி வாழ்கின்றன. கிராமத்தவர் நீரையும் வயலையும் நாடிக் குடியேறினர். தோட்ட மக்களுக்கு இருப்பிடத்தைத் தீர்மானித்தது பயிரும் துரைமாருமே. முதலில் கோப்பி. 1869இல் தோன்றிய இலைநோயால் அது அழிந்த பின்னரே தேயிலை பரவியது. "தேயிலைக்காகவே முதலில் வந்தனர்" என்று எழுதுவது நான் அடிக்கடி திருத்தும் பிழை.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அட்டவணையைப் பாருங்கள்: இலங்கையில் இந்தியத் தமிழர் 1971இல் ஏறத்தாழ 11.7 இலட்சம், அதாவது 9.3 வீதம். 1981இல் 8.2 இலட்சம், 5.5 வீதம். காரணம் கேட்டபோது என் வகுப்பில் ஒரு மாணவி "பிறப்பு வீதம் குறைந்தமை" என்று எழுதினாள். அவளுடைய பாட்டனின் அண்ணன் குடும்பம் கப்பலேறிப் போனது அவளுக்குத் தெரியும். அதுதான் இந்த எண் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களிற் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டன. ஆகவே விடையில் "குடிப்பெயர்வு" என்று எழுதுங்கள். அது விருப்பத்தால் மட்டும் நிகழவில்லை என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். இங்கு தங்கியோரில் எஞ்சிய நாடற்றவர்களின் பிரச்சினை 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால்தான் தீர்ந்தது.

2012இல் இவ்வீதம் 4.1. 2024இல் 2.8. இதற்குக் கப்பல் காரணமல்ல. இன்று பலர் படிவத்தில் தம்மை "இலங்கைத் தமிழர்" என்று பதிகின்றனர். எனவே இவ்வெண்களை ஆண்டு குறிப்பிடாமல் எழுத வேண்டாம். 1981இன் வீழ்ச்சிக்கும் 2024இன் வீழ்ச்சிக்கும் ஒரே காரணத்தைக் கூறவும் வேண்டாம்.