தூள்பனியில் ஒரு தட்டகப்பை

வறுத்து அரித்த அரிசிமாவை ஒரு தாச்சியில் குவித்து, கத்தியின் முதுகை அதன்மேல் வைத்து அழுத்துங்கள். அடிவரை இறங்கிவிடும். அதே கைப்பாரத்தில் தோசை புரட்டும் தட்டகப்பையை வைத்தால் சற்றே அமிழ்ந்து நின்றுவிடும். வேகமாகத் தட்டினால் ஓரங்களால் மா புகையாக எழும். அகலமான பனிச்சறுக்குப் பலகையின் வேலையை வெள்ளவத்தை அடுக்களையில் நின்றே இப்படி விளங்கிக்கொள்ளலாம். அந்தப் புகையை மட்டும் மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

சுவிஸில் உறவுகள் உள்ள வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளுக்கு வட்ஸ்அப்பில் வரும் சறுக்கல் படங்களில் பெரும்பாலும் இயந்திரம் ஓட்டி இறுக்கிய சரிவுகளே தெரியும். அந்தப் பனி ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 400 கிலோ இருக்கும். கடுங்குளிரில் இரவோடிரவாகக் கொட்டிய உலர்பனியோ 50 முதல் 100 கிலோதான். மீதி இடமெல்லாம் காற்று. அகலப் பலகை இந்தத் தூள்பனிக்கென்றே பிறந்தது. நமக்குக் கிட்டிய இடம் காஷ்மீரின் குல்மார்க்: கேபிள் கார் 3,900 மீற்றருக்கு மேலே கொண்டுபோய் விடும், அங்கிருந்து இறங்கும் சரிவுகள் பெரும்பாலும் யாரும் இறுக்காதவை.

ஒரு சின்னக் கணக்கு. 170 சென்ரிமீற்றர் நீளம், சராசரி 9 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒடுங்கிய சோடியில் 75 கிலோ ஆள் நின்றால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 25 கிராம் பாரம் விழும். 185 நீளமும் 12.5 அகலமும் உள்ள சோடியில் அது 16 கிராமாகிவிடும்.

ஆனாலும் அசையாமல் நின்றால் அகலப் பலகையும் புதையத்தான் செய்யும். ஓட்டம் வேண்டும். பலகை விரையும்போது பனித்துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றுக்கு விலகி ஓட நேரம் போதாது. அகப்பட்டு நசுங்கும் அந்தக் காற்றும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. மாவிலிருந்து எழுந்த புகை அப்படித் தப்பி வந்த காற்றுத்தான். பலகை அகலமென்றால் காற்று ஓரத்துக்கு வர இன்னும் தூரம் போகவேண்டும்.

அகலப்படுத்தும் யோசனையை 1980களின் இறுதியில் கடைக்குக் கொண்டுவந்தது ஒஸ்திரிய நிறுவனமான அற்றோமிக். வடிவத்தைத் தலைகீழாக்கியவர் பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்கொங்கி. சாதாரணப் பலகை நடுவில் வளைந்து மேலெழும்பியிருக்கும், இடையும் ஒடுங்கியிருக்கும். இறுகிய பனியைக் கடித்துத் திரும்ப அது நல்லது. தூள்பனியிலோ மூக்கு கீழே குத்தும், அகன்ற முனையும் வாலும் பனியில் சிக்கி இழுக்கும். மெக்கொங்கி நீர்ச்சறுக்குப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு அலாஸ்கா மலையில் இறங்கிக் காட்டினார். பார்த்தவர்கள் விசர் என்றுதான் நினைத்திருப்பார்கள். பிறகு அவர் வடிவமைத்த பலகையை வோலன்ற் நிறுவனம் 2002இல் விற்பனைக்கு விட்டது. பாதத்துக்குக் கீழே அகலம் 125 மில்லிமீற்றர். நடுவே அகலம், இரு முனைகளும் ஒடுங்கி மேல்நோக்கி வளைந்தவை. அதற்கு அவர்கள் வைத்த பெயரும் ‘ஸ்பாட்டுலா’, தட்டகப்பையேதான். முனை தானாக மேலே வருவதால், முன்பு போல் பின்னால் சாய்ந்து தொடை நோக நிற்கத் தேவையில்லை. நடுவில் நின்றபடி பக்கவாட்டில் வழுக்கியே திரும்பலாம்.

இதே பலகை இறுகிய சரிவில் எரிச்சலூட்டும். திரும்புவதற்கு உலோக ஓரம் பனியில் பதிய வேண்டும்; அந்த ஓரம் பாதத்தின் நடுவிலிருந்து விலகி நிற்பதால் சரிக்க அதிக விசை வேண்டும், முழங்காலுக்குத்தான் வேலை. ஓர் ஓரத்திலிருந்து மற்றதுக்கு மாறவும் சுணங்கும். பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தால் பிடியே கிடையாது. அதனால்தான் இன்றைய பலகைகளில் முனையை மட்டும் வளைத்துவிட்டு, பாதத்துக்குக் கீழே பழைய வில்வளைவை வைத்துக்கொள்கிறார்கள்.

சுவிஸ் மருமகன் முதற்சோடியாகவே 120 மில்லிமீற்றர் வாங்க நின்றால் மறித்துவிடுங்கள். அவர் பழகப்போவது இறுக்கிய சரிவில். 75, 80 போதும். தூள்பனி கொட்டிய நாளில் அகலச் சோடியை வாடகைக்கு எடுக்கலாம்.