அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ புதினத்தில் குடும்ப அன்றாடம்

அன்றாடக் குடும்ப வாழ்வு புதினத்தின் இயக்குவிசையாகவே அமையக்கூடும் என்பதற்கு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973) தக்க சான்றாகும். 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்து, 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் பணியாற்றிய அவர், தியாகராய நகரில் நெடுங்காலம் வாழ்ந்தவர். சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்தை அவர் வீட்டு வேலையின் வழியே காட்டுகிறார். அடிபம்பு, குடம், வரிசை, அண்டை வீட்டாரின் தயவு ஆகியவற்றைச் சுற்றியே ஜமுனா, சாயா என்னும் சகோதரியரின் நாள்கள் நகர்கின்றன. தண்ணீருக்கான அலைச்சல், பெண்களின் உழைப்பையும் உறவுகளின் வறட்சியையும் ஒருங்கே புலப்படுத்துகிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முனைந்த ஜமுனா தெளிவு பெறுவதும் டீச்சரம்மாவின் இல்லற அனுபவத்தைக் கேட்டறிந்தே. ஆகவே, இப்புதினத்தின் தண்ணீரைக் குறியீடாக மட்டும் வாசிப்பது நிறைவுடையதன்று. பெண்கள் சுமக்கும் குடத்தின் எடையிலிருந்தே அக்குறியீடு உருப்பெறுகிறது எனலாம்.