பாந்தர் டாங்கி (1/35 மாதிரியுரு)

பாந்தர் டாங்கி என்பது ஜப்பானின் தமியா நிறுவனம் 1961-62 காலப்பகுதியில் வெளியிட்ட நெகிழி மாதிரித் தொகுப்பு ஆகும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய பாந்தர் என்னும் நடுத்தர டாங்கியின் சிறு வடிவமான இது, உதிரிப்பாகங்களாக விற்கப்பட்டது. வாங்கியவரே அவற்றை ஒட்டிச் சேர்க்க வேண்டும். படைத்துறை மாதிரியுருக்களில் இன்று உலகெங்கும் பெருவழக்காக உள்ள 1/35 என்னும் அளவுவிகிதம் இத்தொகுப்பிலிருந்தே தோன்றியது.

மூல டாங்கி

1941ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்த ஜெர்மனி, அங்கு சாய்வான கவசம் கொண்ட டி-34 டாங்கிகளை எதிர்கொண்டது. அவற்றுக்கு ஈடுகொடுக்க உருவாக்கப்பட்டதே பாந்தர். 1943 ஜூலையில் கூர்ஸ்க் சமரில் பெருமளவில் களமிறங்கிய இது, 75 மில்லிமீட்டர் பீரங்கியையும் ஐந்து வீரர்களையும் கொண்டிருந்தது. இதன் எடை ஏறத்தாழ 45 டன். எடையில் கன டாங்கிகளை ஒத்திருந்தபோதிலும் ஜெர்மானியப் படை இதனை நடுத்தர வகையிலேயே சேர்த்தது. போர் முடியும்வரை ஏறத்தாழ 6,000 பாந்தர்கள் உற்பத்தி செய்யப்பட்டன.

தொகுப்பின் தோற்றம்

தமியா நிறுவனம் 1946ஆம் ஆண்டு சிசுவோகா நகரில் யோசியோ தமியா என்பவரால் மரத்தொழில் நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. மர மாதிரியுருக்களையும் அது செய்து வந்தது. 1951ல் ஏற்பட்ட தீ விபத்தில் மரக்கிடங்கு அழிந்தபின், மாதிரியுருத் தயாரிப்பே அதன் முதன்மைத் தொழிலாயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்த நெகிழித் தொகுப்புகள் மர மாதிரியுருக்களின் சந்தையைப் பறித்ததால், 1960ல் யமாட்டோ போர்க்கப்பலின் நெகிழி மாதிரியுருவை இந்நிறுவனம் வெளியிட்டது. அம்முயற்சி இழப்பில் முடிந்தது.

இந்நெருக்கடிக்குப் பின் வெளியானதே பாந்தர். தட்டையான பரப்புகளைக் கொண்ட அதன் வடிவம் வார்ப்பச்சு செய்வதற்கு எளிதாக இருந்தது. பெட்டியின் மேல் இடம்பெற்ற ஓவியத்தைச் சிகேரு கொமட்சுசாகி வரைந்தார். சிறு மின்னோடியால் தரையில் ஓடக்கூடிய இம்மாதிரியுரு பெரும் வெற்றி பெற்றது.

அளவுவிகிதம்

மாதிரியுருக்களின் மரபான விகிதங்கள் பல, அடி-அங்குல அளவுமுறையிலிருந்து பிறந்தவை. ஓர் அடியைக் கால் அங்குலமாகச் சுருக்கினால் 1/48 கிடைக்கும்; ஆறு அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் 1/72 கிடைக்கும். 1/35க்கு இத்தகைய கணக்கு எதுவும் இல்லை. மின்னோடியும் இரண்டு உலர் மின்கலங்களும் உள்ளே அடங்க வேண்டும் என்பதே வடிவமைப்பாளர்களின் தேவையாக இருந்தது. உடற்பகுதியின் அளவு அதற்கேற்ப அமைந்தது. வேறு டாங்கிகளையும் இதே அளவில் தயாரிக்க எண்ணிய சுன்சாகு தமியா, விற்பனையிலிருந்த பாந்தரை அளந்து பார்த்தபோது அது மூலத்தின் ஏறத்தாழ 35இல் ஒரு பங்காக இருந்தது.

இவ்விகிதத்தில், பீரங்கியுடன் சேர்த்து 8.66 மீட்டர் நீளமுள்ள பாந்தர் ஏறத்தாழ 24.7 செண்டிமீட்டராகச் சுருங்குகிறது. 175 செண்டிமீட்டர் உயரமுள்ள வீரர் 5 செண்டிமீட்டர் உயரம் பெறுகிறார். எடையின் நிலை வேறு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 35 மடங்கு குறைவதால் கனஅளவு 42,875 மடங்கு குறைகிறது. மூலத்தின் அதே பொருட்களால் மாதிரியுருவைச் செய்தால், 45 டன் டாங்கி ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையே இருக்கும்.

பரவல்

1968ஆம் ஆண்டு தமியா நிறுவனம் இதே விகிதத்தில் படைவீரர் உருவங்களையும் வாகனங்களையும் கொண்ட வரிசையொன்றைத் தொடங்கியது. டாங்கி, வீரர், படைக்கருவி ஆகியவற்றை ஒரே காட்சியில் வைக்க வேண்டுமானால் அனைத்தும் ஒரே விகிதத்தில் இருத்தல் வேண்டும். இதனால் பின்னர் சந்தைக்கு வந்த இத்தாலியின் இத்தாலேரி, தென் கொரியாவின் அக்காடமி, ஹாங்காங்கின் டிராகன் முதலிய நிறுவனங்களும் 1/35 அளவில் தொகுப்புகளை வெளியிட்டன. காலப்போக்கில் டாங்கித் தொகுப்புகளில் மின்னோடி பெரும்பாலும் கைவிடப்பட்டு, நுண்விவரங்களே முதன்மை பெற்றன. மின்கலங்களுக்காக அமைந்த அளவுவிகிதம் மட்டும் மாறாமல் நிலைத்துவிட்டது.