கடிதம் போய்ச் சேர்ந்ததா?

வியாபாரிக்கு மின்னஞ்சலில் விலைப்பட்டியல் அனுப்பினோம், பதில் இல்லை. அவருக்கு விருப்பமில்லை என்று சங்கம் முடிவு கட்டுகிறது, தறிகள் ஓய்கின்றன. கடிதமே போய்ச் சேராதிருக்கலாம் அன்றோ?

திரும்பி வந்த அறிவிப்பின் எண்ணை முதலில் நோக்குக. 4 என்று தொடங்கினால் தற்காலிகத் தடை. அஞ்சல் கணினியே மீண்டும் முயலும். 5 என்று தொடங்கினால் மறுப்பு. 5.1.1 எனில் பெறுவோர் முகவரியில் பிழை. எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும்.

அறிவிப்பே வராவிடில், தொலைபேசியில் அழைத்து, ‘ஸ்பாம்’ பெட்டியைப் பார்க்குமாறு வேண்டுக. சங்கத்துக்குச் சொந்த டொமைன் இருப்பின், எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகள் செய்யப்பட்டுள்ளனவா என்றும் விசாரிக்க வேண்டும். கடிதம் மெய்யாகவே சங்கத்தினுடையது என்பதற்கு இவையே சான்று. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் முகவரிகளுக்கு எழுதுவோர் இவற்றுள் ஒன்றேனும் பெற்றிருத்தல் அவசியம்.

அனுப்பியதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. சேர்ந்ததை அறிந்த பின்னரே தீரும்.