ஆயில் மாற்றாத கார்

மின்சார காருக்குப் பராமரிப்புச் செலவு குறைவு என்கிறார்கள். எதில் குறைவு என்பதற்குச் சென்னையை அடுத்த பாடியிலேயே விடை இருக்கிறது. அங்குள்ள லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் தயாரிக்கிறது. பிரேக்ஸ் இந்தியா பிரேக்கையும், வீல்ஸ் இந்தியா சக்கரத்தையும் தயாரிக்கின்றன. இவற்றில் மின்சார காருக்கு எவை வேண்டும்?

ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் வேண்டாம். எஞ்சினே இல்லாததால் எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் பிளேட், சைலன்சர் எதற்கும் செலவில்லை. பெட்ரோல் காரில் பொதுவாக 10,000 கிலோமீட்டருக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை சர்வீஸ் பில் ஏறுவது பெரும்பாலும் இவற்றால்தான்.

பிரேக் வேண்டும், ஆனால் அதற்கு வேலை குறைவு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்து, மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். திருமங்கலம் முதல் அம்பத்தூர் ஓ.டி. வரை நின்று நின்று போகிறவருக்கு பிரேக் பேட் நெடுநாள் உழைக்கும். பிரேக் ஆயில் மட்டும் ஈரம் உறிஞ்சும் என்பதால் அதைக் காலக்கெடுப்படி மாற்றத்தான் வேண்டும்.

சக்கரத்துக்கு வந்தால் கணக்கு தலைகீழ். பேட்டரியின் எடை கூடுதல், மோட்டாரின் இழுவையோ எடுத்த எடுப்பிலேயே முழுசு. அதனால் டயர் சீக்கிரம் தேயும். ஏசி ஃபில்டர், கூலன்ட், சஸ்பென்ஷன், 12 வோல்ட் பேட்டரி ஆகியவை மின்சார காரிலும் உண்டு.

அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் 2021இல் போட்ட கணக்கில், பராமரிப்புக்கு மைலுக்கு பெட்ரோல் காருக்கு 10.1 சென்ட், மின்சார காருக்கு 6.1 சென்ட். நம்மூர்க் கூலி வேறு. பெட்ரோல் காரை ஆவடியில் தெருமுனை மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். உயர் மின்னழுத்த ஒயரைத் தொட தனிப் பயிற்சி வேண்டும். ஆகவே மின்சார கார்க்காரர் பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரையே நம்பியிருக்கிறார்.

மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் புறநகரை மூழ்கடித்தது நினைவிருக்கும். எஞ்சினுக்குள் நீர் புகுந்த பெட்ரோல் காரை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். ஐபி67 தரமுள்ள பேட்டரி ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் நின்றிருந்தால், சோதிக்காமல் சார்ஜ் போடக்கூடாது.

பெரிய செலவு பேட்டரிதான். பல கார்களில் அதற்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி தருகிறார்கள். அது முடிந்தபின் மாற்ற நேர்ந்தால், அதுவரை மிச்சம் பிடித்தது அத்தனையும் கரைந்துபோகலாம்.

தினமும் நிறைய ஓட்டுகிறவர், வாரன்டிக்குள் மின்சார காரில் நிச்சயம் மிச்சம் பார்ப்பார். பழைய மின்சார கார் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: பேட்டரியின் இன்றைய கொள்ளளவு, வாரன்டியில் மீதமுள்ள ஆண்டுகள்.