ஓடி ஒளிய இடம் ஏது?



போன மாதம் முகப்பேர் ஏரி ஸ்கீமில் எங்க வீட்டில் பழைய பேப்பர் போட்டோம். அம்மா முந்தின நாளே நிறுத்து வைத்திருந்தார், 14 கிலோ. பேப்பர்காரர் தராசில் 9 கிலோதான் வந்தது! "தராசு பொய் சொல்லாதும்மா" என்றார் அவர். அம்மா காசை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, "மேலே இருக்கறவன் பாத்துக்கிட்டுதான் இருக்கான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. 5 கிலோ பேப்பருக்கெல்லாமா கடவுள் வருவார்?

வருவார் என்று அடித்துச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். பெயர் ஆமோஸ். சுமார் 2,750 ஆண்டுகளுக்கு முன் பெத்லகேமுக்குத் தெற்கே தெக்கோவா என்ற ஊரில் ஆடு மேய்த்தவர், காட்டத்திப் பழம் பறித்தவர். எபிரேயத் தீர்க்கதரிசிகளில் ஒருவர். இவர் பேச்சு பைபிளின் பழைய ஏற்பாட்டில் தனி நூலாக இருக்கிறது. (பழைய ஏற்பாட்டை 18-ம் நூற்றாண்டில் தமிழாக்கியவர்களில் ஒருவரான ஜெர்மானியர் ஃபாப்ரிஷியஸ், நம்ம வேப்பேரியில்தான் வாழ்ந்தார்!)

அப்போது வடக்கே இஸ்ரவேல் நாட்டில் இரண்டாம் யெரொபெயாம் ராஜா. நாடு நல்ல செழிப்பு. பணக்காரர்கள் தந்தக் கட்டிலில் படுத்தார்கள் என்கிறார் ஆமோஸ். சும்மா சொல்லவில்லை. 1930-களில் தலைநகர் சமாரியாவைத் தோண்டியபோது தந்த வேலைப்பாட்டுத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அதே நாட்டில்தான் ஒரு ஜோடி செருப்புக்காக ஏழையை விற்றார்கள்.

சந்தையில் நடந்த மோசடியைக் கேளுங்கள். அங்கே அப்போது நாணயம் கிடையாது. வெள்ளியை எடை போட்டுத்தான் விலை கொடுக்க வேண்டும். வியாபாரி என்ன செய்தான்? தானியம் அளக்கும் மரக்காலைச் சின்னதாக்கினான், வெள்ளியை நிறுக்கும் எடைக்கல்லைப் பெரிதாக்கினான். தானியமும் குறைவு, விலையும் கூடுதல்! அதிலும் பதரைக் கலந்து விற்றான். இதற்கு முன்னால் எங்க பேப்பர்காரர் எவ்வளவோ தேவலை.

சரி, வழக்குப் போடலாமே? பட்டண வாசலில் உட்கார்ந்து நியாயம் சொல்ல வேண்டியவர்களே லஞ்சம் வாங்கினார்கள்.

இந்த நேரத்தில்தான் ஆமோஸ் வடக்கே போய்ப் பேசினார். அவர் நூல் தொடங்கும் விதம் ரொம்ப சாமர்த்தியம். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப், யூதா என்று அக்கம்பக்கத்து நாடுகளின் குற்றங்களை வரிசையாகச் சொல்கிறார். கேட்பவர்களுக்குக் குஷிதானே! சார் பக்கத்து பெஞ்சைத் திட்டும்போது நாம் உள்ளுக்குள் சிரிப்போமே, அந்த மாதிரி. எட்டாவதாகச் சொன்ன பெயர் இஸ்ரவேல். சிரிப்பு நின்றிருக்கும்.

பிறகு தப்பிக்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடைக்கிறார். பாதாளம் வரை தோண்டினாலும், வானத்துக்கு ஏறினாலும், கர்மேல் மலை உச்சியில் ஒளிந்தாலும், கடலடிக்குப் போனாலும் கடவுளின் கை எட்டுமாம். இன்னொரு இடத்தில் ஒரு குட்டிக் கதை. ஒருவன் சிங்கத்துக்குப் பயந்து ஓடுகிறான், எதிரே கரடி. அதனிடமும் தப்பி வீட்டுக்குள் வந்து 'அப்பாடா' என்று சுவரில் கை வைத்தால், பாம்பு கடிக்கிறது! கடவுள் நம்ம பக்கம், நமக்கு ஒன்றும் ஆகாது என்று இருந்தவர்களுக்குச் சொன்ன கதை இது.

பெத்தேல் கோயில் ஆசாரியன் அமத்சியா, உன் நாட்டுக்கே போய்ப் பிழைத்துக்கொள் என்று அவரை விரட்டினான். சுமார் கி.மு. 722-ல் அசீரியர்கள் சமாரியாவைப் பிடித்தார்கள்.

முதலில் படித்தபோது, இப்படியா பயமுறுத்துவது என்றுதான் தோன்றியது. ஆனால் செருப்புக்காக விற்கப்பட்டவர் அந்தக் கூட்டத்தில் நின்று கேட்டிருந்தால்? அவருக்கு வேறு கோர்ட்டே கிடையாது. இப்படி ஒருவர் பேசினாரே என்று அவருக்குத் தெம்பு வந்திருக்கும்.

தமிழ் ஐயா நடத்திய சிலப்பதிகாரத்திலும் இதே சிக்கல்தான். சரியாக விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னவனே பாண்டிய ராஜா. அவனுக்கு மேலே யாரிடம் போவது? கண்ணகி அவனிடமே போனாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, இவள் உடைத்த சிலம்பில் தெறித்தது மாணிக்கம். பாண்டியன் ஓடவில்லை, ஒளியவில்லை. தவறை ஒப்புக்கொண்டு அங்கேயே விழுந்து உயிரை விட்டான். கோவலன் கதையும் அப்படித்தான். முற்பிறவியில் பரதன் என்ற பெயரில் இருந்து, சங்கமன் என்ற வியாபாரியை ஒற்றன் என்று சொல்லிக் கொல்லவைத்தானாம். அந்த வினைதான் மதுரை வரை தேடி வந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. இளங்கோவடிகளிடம் செய்த வினையே துரத்துகிறது, விடுவதில்லை. ஆமோஸிடம் துரத்துவது கடவுள். அதனால் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது. தீமையை விட்டு, வழக்கில் நியாயம் செய்தால் ஒருவேளை இரங்குவார் என்கிறார். கவனியுங்கள், 'ஒருவேளை'தான்! உறுதி கொடுக்கவில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடுத்த தடவை பேப்பர் போடும்போது நீ கிட்ட நின்னு எடையைப் பாரு" என்றார்.