டயலைத் தொடாமலே டயல் செய்யலாம், தெரியுமா?

பழைய கறுப்பு டெலிபோனில் விரலை விட்டு டயலைச் சுழற்றுவோமே, அப்போது எண் போவதே இல்லை! விரலை எடுத்ததும் சக்கரம் ‘கிர்ர்ர்’ரென்று தானாகத் திரும்புகிறதே, அந்தத் திரும்பும் பயணத்தில்தான் போகிறது. லைனில் ஓடும் மின்சாரத்தை அது வெட்டி வெட்டி விடும். ஒவ்வொரு வெட்டும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆட்கள் பாஷையில் ஒரு ‘பல்ஸ்’. 1 என்றால் ஒன்று, 5 என்றால் ஐந்து. சைபருக்கு ஒன்றுமே இல்லை என்றா நினைக்கிறீர்கள்? பத்து!

கோபத்தில் சுழற்றினாலும் தூக்கக் கலக்கத்தில் சுழற்றினாலும் டயல் திரும்பும் வேகம் ஒன்றுதான்: நொடிக்குச் சுமார் 10 பல்ஸ். ஸ்பிரிங்கின் அவசரத்தை அடக்க உள்ளே ஒரு குட்டி கவர்னர் சுழல்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். எக்ஸ்சேஞ்ச் எண்ணுவது வெட்டுகளை மட்டுமே. ரிசீவரை வைத்தால் அமுங்குமே ஒரு குமிழ், அதைத் தட்டினாலும் லைன் வெட்டுப்படும். நாலு தட்டு தட்டினால் 4. கொஞ்சம் இடைவெளி விட்டு ஏழு தட்டினால் 7. டயல் ஓட்டையில் குட்டிப் பூட்டு மாட்டிவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போனார்களே, அந்த வீட்டுப் பெரியவர்கள் பாவம்!

இப்படி வெட்டுகளை எண்ணித் தானாகவே லைன் கொடுக்கும் ஆட்டோமேடிக் எக்ஸ்சேஞ்சுக்கு வழிகாட்டியவர் யார் தெரியுமா? பிணங்களுக்கு இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்தவர்! அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியைச் சேர்ந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர். போட்டிக் கடைக்காரரின் மனைவி டெலிபோன் ஆபரேட்டராம். தனக்கு வரும் அழைப்புகளையெல்லாம் அந்த அம்மாள் கணவருக்கே திருப்பிவிட்டார் என்று கொதித்து, ஆபரேட்டரே வேண்டாத கருவியைக் கண்டுபிடித்தார் என்பது கதை. கதை எவ்வளவு நிஜமோ, 1891-இல் அவர் பேடன்ட் வாங்கியது நிஜம். மறு வருடமே இந்தியானா மாநிலத்தின் லா போர்ட்டில் அந்த எக்ஸ்சேஞ்ச் ஓடத் தொடங்கிவிட்டது! ஆனால் அதில் டயல் கிடையாது, பொத்தான்கள்தான். 1896-இல் டயலைக் கொண்டுவந்தவர்கள் அவருடைய சகாக்கள்.

இன்னொரு கூத்து! நியூசிலாந்து டயலில் எண்கள் தலைகீழ் வரிசை: 1-ஐச் சுழற்றினால் ஒன்பது பல்ஸ் போகும். 1937-இல் லண்டனில் வந்த அவசர எண் 999. நியூசிலாந்தின் அவசர எண் 111. எண்தான் வேறு, லைனில் ஓடும் பல்ஸ் அச்சு அசல் அதேதான்!

அமெரிக்காவில் 1947-இல் ஏரியா கோடு பங்கிட்டபோது நியூயார்க்குக்கு 212 கிடைத்ததும் சும்மா அல்ல. மொத்தமே ஐந்து பல்ஸ்தானே! கூட்டம் மொய்க்கும் ஊருக்குச் சீக்கிரம் டயல் செய்ய வேண்டாமா?

ஹிட்ச்காக் 1954-இல் எடுத்த ‘டயல் எம் ஃபார் மர்டர்’ படத்தில் டயலைச் சுழற்றும் குளோசப்பைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்காகவே ராட்சத டயலும் ராட்சத விரலும் செய்தார்கள்!

உங்கள் பரண்மேல் அப்படியொரு டெலிபோன் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சைபரைச் சுழற்றி விடுங்கள். ஒரு நொடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு ஒரே சீராகத் திரும்பினால், டயல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.